கூழாங்கற் பாடம்

ஆற்றிலிருந்து எடுக்கும்போது மின்னுகின்ற கல், வீட்டுக்கு வந்ததும் மங்கிப்போவது ஏன்? கண்டியில் வளரும் பிள்ளைகள் ஒருமுறையேனும் கேட்டிருக்கக்கூடிய வினா இது. பேராதனையிலும் கெட்டம்பேயிலும் மகாவலி கங்கையின் நீருள்ளே செம்மையும் வெண்மையும் தேனிறமுமாய்க் கிடக்கும் கூழாங்கற்களைச் சட்டைப்பை நிறைய அள்ளி வருவார்கள். மறுநாட் காலையில் பார்த்தால் சாம்பல் பூத்த வெறுங்கற்கள். கடற்கரைக் கற்களின் கதையும் இதுவே.

கல் மாறவில்லை, அதன்மேல் இருந்த நீர்தான் போயிற்று. கல்லின் முகம் கண்ணுக்குப் புலனாகாத மேடுபள்ளம் உடையது. அதன்மேல் விழும் ஒளி நாற்புறமும் சிதறுகின்றது. நீர் அப்பள்ளங்களை நிரப்பும்போது உள்ளிருக்கும் நிறம் வெளிப்படுகின்றது. நீர் ஒரு நாழிகை செய்யும் அவ்வேலையை நிலையாகச் செய்துவைப்பதே மெருகிடுதல். நனைந்த கல் காட்டும் நிறமே மெருகேறிய கல் காட்டப்போகும் நிறம்.

சென்ற ஆண்டு, கனடாவில் வாழும் என் தமக்கை மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு சிறு பொறி கொண்டுவந்து தந்தான். மூன்று இறாத்தல் கொள்ளும் இறப்பர்ப் பீப்பா ஒன்று. அதைப் படுக்கவைத்து இரவும் பகலும் மெல்ல உருட்டும் மின்மோட்டார் ஒன்று. அவ்வளவே. பின் விறாந்தையில் அதன் கடகடவென்ற ஓசையைக் கேட்ட என் மனைவி, "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போதாதென்று இனிக் கல்லுக்கும் பாடம் சொல்லப் போகிறீர்களாக்கும்" என்றாள். ஒரு திருத்தத்தோடு அவள் வாக்குப் பலித்தது. பாடம் சொன்னது கல், கேட்டவன் நான்.

செய்முறை எளியது. பீப்பாவில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேலாகக் கற்களை இட வேண்டும். குறைந்தால் அவை மோதி உடையும். நிறைந்தால் உருள இடமிராது. கற்களின் மேல்மட்டத்துக்குச் சற்றுத் தாழ நீர் விட்டு, நான்கு மேசைக்கரண்டி தேய்ப்புப் பொடி சேர்க்க வேண்டும். சிலிக்கன் காபைட்டு என்பது அப்பொடியின் பெயர். 1891ஆம் ஆண்டளவில் எட்வேட் அச்சிசன் என்ற அமெரிக்கர் அதனை உலையில் ஆக்கக் கண்டறிந்தார். முதல் வாரம் பருபொடி. இரண்டாம் வாரம் நடுத்தரப் பொடி. மூன்றாம் வாரம் நுண்பொடி. நான்காம் வாரம் மெருகுப் பொடி. ஒவ்வொரு மாற்றத்தின் போதும் கல்லையும் பீப்பாவையும் பன்முறை கழுவ வேண்டும். ஒரு பருமணி தங்கிவிட்டாலும் மெருகு முழுதும் கீறலாகும். உலர்ந்த பொடியை மூச்சில் ஏற்கலாகாது. கழுவிய சேற்றைக் குழாய்த் தொட்டியில் ஊற்றலாகாது. அது இறுகி வடிகாலை அடைத்துவிடும். குழி தோண்டிப் புதைப்பதே முறை.

மெருகுப் பொடியாகப் பெரும்பாலும் பயன்படுவது அலுமினியம் ஒட்சைட்டு. தமிழர் இதனை ஊன்றி நோக்க வேண்டும். இதன் இயற்கைப் படிகமே குருந்தம். மாணிக்கமும் நீலமும் அதன் வகைகள். ஐரோப்பியர் கொரண்டம் என வழங்கும் சொல் நம் குருந்தத்தின் திரிபேயாகும். சாணைபிடிக்கும் நாட்டார் தந்த சொல் உலகச் சொல்லாயிற்று.

கல்லையும் கலையையும் ஒருங்கே அறிந்த ஒருவர் நம்மிடையே இருந்தார். ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்தார். பாறைகளை ஆராயவந்த அவர், கண்டிநாட்டுக் கைவினைஞரின் கைத்திறனில் மனம் பறிகொடுத்து, 1908இல் இடைக்காலச் சிங்களக் கலைபற்றிய பெருநூலை வெளியிட்டார். கல்லைப் பார்க்கப் பழகிய கண், அதைத் தேய்த்தவன் கையையும் பார்த்தது.

எனக்கு அந்தக் கண் வாய்க்கவில்லை. ஒத்த கடினமுள்ள கற்களையே ஒரு பீப்பாவில் இடல் வேண்டும் என்பது இக்கலையின் முதல் விதி. 1812இல் மோஸ் என்ற செருமானிய அறிஞர் வகுத்த பத்துப்படி அளவையில் படிகக்கல்லுக்கு 7ஆம் படி. திகனைப் பக்கத்து வெண்சுண்ணக்கல் 4ஐயும் தாண்டாது. கத்திமுனையால் கீறிப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். நானோ அவசரத்தில் எல்லாவற்றையும் கலந்து இட்டேன். நான்கு வாரம் கழித்துத் திறந்தேன். படிகக்கற்கள் பனித்துளிபோல் ஒளிர்ந்தன. நான் இட்ட மூன்று வெண்கற்களில் இரண்டைக் காணவில்லை. மூன்றாவது பருப்பளவாய்க் குறுகிக் கிடந்தது. மற்றவை, வாழையடியில் நான் புதைத்த சேற்றிலே கலந்திருந்தன.

அன்று இரவு ஒரு பையனின் முகம் நினைவில் வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன், தோட்டப்புறத்திலிருந்து வருட நடுவில் என் வகுப்புக்கு வந்தவன். செய்யுளை ஒருமுறை கேட்டால் இராகத்தோடு ஒப்புவிப்பான். புணர்ச்சி விதி மட்டும் ஏறவில்லை. பரீட்சைக்கு ஆயத்தமான கெட்டிக்காரருடன் அவனையும் இருத்தினேன். அவர்களுக்கு இட்ட பயிற்சியையே அவனுக்கும் இட்டேன். ஒருநாள் எல்லார் முன்னிலும், "உனக்குத் தமிழ் வராது" என்றேன். அவன் மறுவாரம் வரவில்லை. இடாப்பில் கோடிட்டுவிட்டு நிம்மதியாக உறங்கினேன். மங்கிய கல் என்று எண்ணினேன். கலந்து இட்டவன் நான் என்று எண்ணவில்லை.

சென்ற மாதம், மழைநாளொன்றில், கண்டிச் சந்தையருகே முச்சக்கர வண்டியொன்று என் முன் நின்றது. "ஏறுங்க சேர்." அவனேதான். வழியெல்லாம் என் நலமே விசாரித்தான். இறங்கும்போது காசு வாங்க மறுத்து, "நீங்க படிப்பிச்ச பாட்டு இன்னும் ஞாபகம் இருக்கு சேர்" என்று சொல்லிச் சிரித்தான். ஏன் பள்ளியை விட்டாய் என்று கேட்க எனக்கு வாய் எழவில்லை.

பின்னர் வெண்கற்களை மட்டும் தனியே இட்டேன். பருபொடியை விலக்கி, நாட்களைக் குறைத்து, அடிக்கடி திறந்து பார்த்தேன். பால் உறைந்தாற்போன்ற மென்மெருகு ஏறிற்று. படிகத்தின் ஒளி அன்று அது, வேறோர் ஒளி. அவற்றுள் நல்லதொன்றை அவனுக்கென்று மேசைமேல் வைத்திருக்கின்றேன். கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுப்பது என்பதுதான், நாற்பது விதி கற்பித்த இப்பண்டிதனுக்கு இன்னும் விளங்கவில்லை.