ஈரல் கெட்டவருக்குப் பருப்பும் பகையா?

கோணிப்போகும் கையெழுத்து

பகலெல்லாம் தூங்கி வழிகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வீட்டுக்குள் உலாத்துகிறார். இத்தனை வருடம் போட்ட கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் காசோலையைத் திருப்பித் தருகிறார்கள். 'வயசாகிவிட்டது' என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். அவருக்குக் கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ் இருந்தால், வயதின் மேல் பழி போடாதீர்கள். ஈரலின் கோளாறு மூளையைத் தொட்டிருக்கலாம்.

கைகளை முன்னால் நீட்டி, வண்டியை நிறுத்தும் போக்குவரத்துக் காவலர்போல உள்ளங்கைகளை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு சட்டென்று தளர்ந்து விழும், உடனே நிமிரும், மறுபடி விழும். பறவை சிறகடிப்பது போலிருக்கும். அப்படிக் கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கை நடுங்காவிட்டாலும், பேச்சும் தூக்கமும் மாறியிருந்தால் காட்டத்தான் வேண்டும்.

ஈரல் விட்ட வேலையைத் தசை செய்கிறது

நாம் சாப்பிடும் புரதம் அமினோ அமிலங்களாக உடைகிறது. அதில் பிறக்கும் அம்மோனியாவை ஈரல் யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஈரல் கெட்டால் அம்மோனியா ரத்தத்தோடு மூளைக்குப் போகிறது. அங்கே ஆஸ்ட்ரோசைட் செல்கள் அதைக் குளூட்டமினாக மாற்றி மாற்றி, தாமே வீங்கிப்போகின்றன. குழப்பமும் மயக்கமும் பெரிதும் இதனால்தான்.

இதே மாற்றத்தைத் தசையும் செய்கிறது, சேதமில்லாமல். அதற்கு லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் செலவாகின்றன. ஈரல் உடைக்க வேண்டிய டைரோசினும் பீனைல்அலனினும் ரத்தத்தில் தேங்குகின்றன. நலமாக இருப்பவரிடம் முதல் வகை இரண்டாம் வகையைப்போல் சுமார் மூன்று மடங்கு. நோயில் இந்தக் கணக்கு சரிகிறது. மூளைக்குள் நுழைய இரண்டுக்கும் ஒரே வாசல்தான். தேங்கியவை முந்திக்கொண்டு நுழைந்து போலி நரம்புச் செய்திகளை உண்டாக்குகின்றன என்று 1971-இல் ஆய்வாளர்கள் ஃபிஷரும் பால்டெசரினியும் சொன்னார்கள். அது மட்டுமே காரணம் என்று இன்று யாரும் சொல்வதில்லை.

கஞ்சி மட்டும் போதும் என்ற பழக்கம்

1893-இல் ரஷ்யாவில் ஆய்வாளர்கள் பாவ்லோவும் நென்ஸ்கியும், குடலின் ரத்தம் ஈரலுக்குப் போகாமல் திருப்பிவிடப்பட்ட நாய்களுக்கு இறைச்சி கொடுத்தபோது அவை வெறிகொண்டு மயங்கி விழுந்தன. புரதம் ஆகாது என்ற பயம் அதனால் மருத்துவத்தில் நூறு வருடத்துக்கும் மேல் நின்றது. 2004-இல் பார்சிலோனா மருத்துவர்கள் நோயாளிகளுக்குப் புரதத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். மூளை சீக்கிரம் தெளியவில்லை, உடம்பின் புரதம்தான் கூடுதலாகக் கரைந்தது.

நம் வீடுகளில் இன்னமும் அரிசிக் கஞ்சியும் மோரும்தான். அன்பினால்தான் செய்கிறோம், ஆனால் தோள் எலும்பு தெரிய வற்றிப்போனவரிடம் அம்மோனியாவை அடக்கத் தசை எங்கே மிச்சமிருக்கும்?

தட்டில் என்ன வைப்பது?

எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தினமும் வேண்டும் என்பது இன்றைய சர்வதேசப் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதை நினைத்தால் இது எவ்வளவு என்று புரியும். பாசிப்பருப்பு, சுண்டல், தயிர் போன்றவை மாமிசத்தைவிட நன்றாக ஒத்துக்கொள்ளும். சிறுநீரகமும் கெட்டிருந்தால் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். படுக்கப் போகுமுன் இரண்டு இட்லியாவது கொடுங்கள். வெறும் வயிற்றோடு விடியும்வரை கிடந்தால் உடம்பு தன் தசையையே தின்னும்.

தூக்க மாத்திரை வேண்டாம். மலச்சிக்கலும் ஆகாது. அதற்காகத்தான் லாக்டுலோஸ் சிரப் தருகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும். அதை வயிற்றுப்போக்கு என்று பயந்து மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கூப்பிட்டும் எழாமல் கிடந்தாலோ, மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, 108-ஐ அழையுங்கள்.