நினைவு முந்தும், கால் பிந்தும்: பாலே வகுப்புக்குத் திரும்புதல்

பாலே நடனத்தைச் சிறு வயதில் பயின்று, பின்னர் படிப்பு, வேலை, மகப்பேறு, காயம் என ஏதோ ஒரு காரணத்தால் அதைக் கைவிட்டவர்கள், பத்து இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் வகுப்பில் சேர்வது மேலை நாட்டு நகரங்களில் இன்று இயல்பான செய்தியாகிவிட்டது. 1920-இல் லண்டனில் தோன்றிய ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ், 55 வயதைக் கடந்தவர்களுக்கென ‘சில்வர் ஸ்வான்ஸ்’ என்னும் வகுப்பு முறையை 2017-இல் ஏற்படுத்தியதும் இந்த நாட்டத்தை அறிந்தே. இவ்வாறு திரும்பி வருபவர்கள் பெரும்பாலும் அஞ்சுவது, அசைவுகள் மறந்துபோயிருக்குமோ என்பதைப் பற்றி. ஆனால் அசைவுகள் எளிதில் மறப்பதில்லை என்பதும், அவற்றைத் தாங்க வேண்டிய தசைநாணும் எலும்பும் அந்த நினைவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத நிலையில் இருக்கின்றன என்பதுமே உண்மையில் கவலைக்குரியவை.

அசைவுகள் மறக்காமல் நிற்பதற்குப் பாலே வகுப்பின் அமைப்பே ஒரு காரணமாகும். பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி 1661-இல் நிறுவிய நடன அகாடமியின் காலத்திலிருந்து இக்கலை முறைப்படுத்தப்பட்டு வந்துள்ளது. பாதங்களை வைக்கும் ஐந்து அடிப்படை நிலைகளை வகுத்தவராக அம்மன்னரின் நடன ஆசிரியர் பியர் போஷாம் கருதப்படுகிறார். லண்டனிலும் டோக்கியோவிலும் ஹவானாவிலும் வகுப்பு ஏறக்குறைய ஒரே ஒழுங்கில், ஒரே பிரெஞ்சுப் பெயர்களோடு நடக்கிறது. முதலில் ‘பார்’ எனப்படும் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு செய்யும் பயிற்சிகள் வரும்: முழங்கால்களை மடக்கித் தாழும் ப்ளியே, பாதத்தைத் தரையோடு உரசி நீட்டும் தாந்து, இப்படியே படிப்படியாக வளர்ந்து, காலை உயர வீசும் க்ரான் பத்மான் வரை. அதன் பின் கம்பியை விட்டு அறையின் நடுவே வந்து, மெதுவான அடாஜியோ, ஒற்றைக் காலில் சுழலும் பிரூவெத், சிறு குதிகள், இறுதியில் அறையைக் குறுக்காகக் கடக்கும் பெருங்குதிகள் எனத் தொடரும். இருபது ஆண்டுகளுக்குப் பின் கம்பியைப் பிடிப்பவருக்கும் இசை தொடங்கியதும் அடுத்து வரப்போவது என்னவென்று தெரிந்துவிடுகிறது. அந்தப் பழக்கம் தரும் ஆறுதல் பெரிது என்றாலும், ஒன்றும் அறியாத புதியவர் தயங்கி நிற்கும் இடத்தில் பழையவர் தயங்காமல் குதித்துவிடுவதும் அதனால்தான்.

உடல் தன் திறனை ஒரே சீராக இழப்பதில்லை. மூச்சுத் திறன், அதாவது இதயமும் நுரையீரலும் தசைகளுக்கு ஆக்சிஜன் கொண்டுசேர்க்கும் ஆற்றல், பயிற்சி நின்ற சில வாரங்களிலேயே குறையத் தொடங்குகிறது. தசைவலு அதைவிட மெதுவாகக் குறைகிறது, திரும்பப் பெறுவதும் ஒப்பீட்டளவில் எளிது. பயிற்சியின்போது தசையிழைகளில் கூடும் உட்கருக்கள், தசை மெலிந்த பின்னும் மறையாமல் தங்கிவிடுவதாக நார்வே ஆய்வாளர்கள் எலிகளில் கண்டு 2010-இல் வெளியிட்டனர். மனிதரிடமும் இது அப்படியே பொருந்துமா என்பதில் அறிவியலாளரிடையே விவாதம் தொடர்கிறது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் கதை வேறு. கடந்த நூற்றாண்டின் அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கூடிய கதிரியக்கக் கார்பனின் அளவைத் திசுக்களில் கணக்கிட்ட டென்மார்க் ஆய்வாளர்கள், கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் தடித்த தசைநாணின் மையப்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குப் பின் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று 2013-இல் அறிவித்தனர். தசைநாண் பயிற்சிக்கேற்ப உறுதிப்படாமல் இல்லை. ஆனால் அதற்கும் எலும்புக்கும் தசையைவிட நீண்ட காலம் தேவைப்படுகிறது.

இந்தக் கால வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், திரும்பி வருபவருக்கு ஆபத்து முதல் வகுப்பில் அன்றி இரண்டாவது மாதத்தில் வருவது ஏன் என்பது விளங்கும். முதல் வகுப்பில் மூச்சு வாங்குகிறது, தொடை நடுங்குகிறது, ஆகவே யாரும் அளவு மீறுவதில்லை. நான்கைந்து வாரங்களில் தசை வலுப்பெற்று, பழைய உயரத்துக்குக் கால் எழும்பி, தன்னம்பிக்கையும் திரும்பியிருக்கும் வேளையில், குதித்து இறங்கும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையை ஏற்க வேண்டிய தசைநாணும் முன்கால் எலும்பும் இன்னும் ஆயத்தமாகாமல் இருக்கின்றன.

ஆதலால் ஆயத்தம் வகுப்புக்கு ஓரிரு மாதங்கள் முன்பே தொடங்குவது நல்லது. அதில் முதலிடம் பெற வேண்டியது, நின்ற நிலையில் குதிகாலை மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்கும் எளிய பயிற்சிதான். முதலில் இரு கால்களிலும், பின்னர் சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலிலும் செய்யப்படும் இது, பாலேயில் ரலவே எனப்படும் அசைவுக்கும் எல்லாக் குதிகளுக்கும் அடிப்படையாகும். ஒரு காலில் தொடர்ந்து 25 முறை உயர்த்த முடிவதை நல்ல வலுவின் அடையாளமாக இயன்முறை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கொண்டுள்ளனர். இதனோடு விரைநடை அல்லது மிதிவண்டி, ஒற்றைக் காலில் நின்று சமநிலை காத்தல், விரல்களைச் சுருட்டாமல் பாதத்தின் வளைவை மட்டும் உயர்த்துதல் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் பெரும்பகுதி முடிந்துவிடும். பலரும் இவற்றை விடுத்து, பழைய நெகிழ்வு எஞ்சியிருக்கிறதா என்று பார்க்கும் ஆவலில் தரையில் கால்களை அகல விரித்து அமர்வதிலேயே மாதத்தைக் கழிக்கிறார்கள். அது தற்பெருமைக்கு உதவலாமேயொழிய ஆயத்தத்துக்கு அதிகம் உதவாது. ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் தசையை இழுத்துப் பிடித்திருப்பது, அதைத் தொடரும் சிறிது நேரத்துக்குத் தசையின் விசையைக் குறைக்கவும் செய்கிறது என்பதால், நீண்ட நெகிழ்வுப் பயிற்சியை வகுப்புக்குப் பின்னர் வைத்துக்கொள்வதே பொருத்தம்.

டர்ன்அவுட் குறித்துத் தனியே சொல்ல வேண்டும். தொடையைப் புறமாகத் திருப்பி, பாதங்கள் பக்கவாட்டை நோக்குமாறு நிற்பதே டர்ன்அவுட். பரதநாட்டியத்தின் அரைமண்டியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இத்திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். அதன் எல்லையை மூட்டுக் குழியின் வடிவமும் தொடை எலும்பின் முறுக்கமும் பெருமளவு தீர்மானிக்கின்றன, மீதியை இடுப்பின் ஆழத்தில் உள்ள சிறு தசைகள் பிடித்து நிறுத்துகின்றன. அத்தசைகள் தளர்ந்திருக்கும்போது, பழைய ஒளிப்படத்தில் உள்ள கோணத்தை நினைத்துப் பாதத்தை மட்டும் தரையில் அழுத்தித் திருப்பினால், அந்த முறுக்கு முழங்காலிலும் கணுக்காலிலும் போய் விழுகிறது. முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேரே மடங்குகிற அளவுக்கு மட்டும் திருப்பிக்கொண்டு, எஞ்சியதைக் காலத்துக்கு விடுவதே முறை.

தொழில்முறைக் கலைஞர்களே இப்படி அடிப்படைக்கு இறங்கி வந்ததற்குச் சான்று டேவிட் ஹால்பர்க். 2011-இல் மாஸ்கோவின் போல்ஷாய் பாலேயில் முதன்மை நடனக் கலைஞராகச் சேர்ந்த முதல் அமெரிக்கரான அவர், 2014-இல் கணுக்கால் காயத்தால் மேடையை விட்டு விலகி, அறுவை சிகிச்சைக்குப் பின்னும் குணம் காணாமல், 2015-இன் இறுதியில் மெல்போர்னுக்குச் சென்று ஆஸ்திரேலிய பாலேயின் மருத்துவக் குழுவிடம் தம்மை ஒப்படைத்தார். ஓராண்டுக்கும் மேல் நீண்ட அந்த மீட்சிப் பயிற்சியில் உலகம் போற்றிய கலைஞர் ஒருவர் கால் தசைகளை மீண்டும் ஒவ்வொன்றாக வலுப்படுத்த வேண்டியிருந்தது. 2016 டிசம்பரில் சிட்னியில் ‘கொப்பேலியா’வில் அவர் மீண்டும் ஆடினார். 2021-இல் அந்நிறுவனத்துக்கே கலை இயக்குநரானார்.

உடல் ஓய்ந்திருக்கும்போதும் நினைவைப் பழக்கலாம் என்பதற்குக் கியூபாவின் அலிசியா அலோன்சோ எடுத்துக்காட்டு. விழித்திரை விலகலுக்கான அறுவை சிகிச்சைகளால் 1940-களின் தொடக்கத்தில் நெடுங்காலம் அசையாமல் படுக்கையில் இருக்க நேர்ந்தபோது, அவர் விரல்களையே கால்களாக்கி ‘ஜிசெல்’ நடனத்தைக் கற்றார். 1943 நவம்பர் 2-ஆம் நாள் நியூயார்க்கில், நோயுற்ற அலிசியா மார்கோவாவுக்குப் பதிலாக அந்த வேடத்தை ஏற்றார். அந்த அளவு மன ஒழுக்கம் எல்லாருக்கும் வாய்க்காது என்றாலும், இசையைக் கேட்டபடி பயிற்சிகளை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது யாருக்கும் இயலும். தசைநாணுக்கு அதனால் சுமையும் இல்லை.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, விட்ட நிலைக்கு ஒன்றிரண்டு படி கீழே சேர்வதும், இடைவெளியையும் பழைய காயங்களையும் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது. மகப்பேறு, இதய நோய், அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்குப் பின் வருபவர்கள் மருத்துவரைக் கண்டுவர வேண்டும். முதல் சில வாரங்கள் கம்பிப் பயிற்சியோடு நிறுத்திக்கொண்டு, பிறர் குதிக்கும் நேரத்தில் ஓரமாக நின்று குதிகாலை உயர்த்தும் பயிற்சியைச் செய்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தரையையும் பார்க்க வேண்டும்: நல்ல நடன அறையின் தரை, அடியில் மரச்சட்டமோ நுரைத்திண்டோ வைத்துச் சற்றே அமிழ்ந்து அதிர்ச்சியை ஏற்குமாறு அமைக்கப்பட்டிருக்கும், சிமென்ட்டின் மேல் நேரே விரிப்பிட்ட அறையில் குதிகளைத் தவிர்த்துவிடலாம். 2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் புகழ்பெற்ற குழுக்களின் கலைஞர்களும் வீட்டுச் சமையலறை மேடையைப் பிடித்துப் பயின்றபோது, கடினத் தரையாலும் இடமின்மையாலும் அவர்கள் பெரிதும் இழந்தது குதிகளைத்தான்.

விரல்நுனியில் நிற்பதற்கான பாயின்ட் காலணி எல்லாவற்றுக்கும் கடைசியில் வர வேண்டும். துணி அடுக்குகளைப் பசையால் இறுக்கிச் செய்யப்படும் அதன் முனை ஆண்டுக்கணக்கில் கிடந்தால் உறுதி மாறிவிடும். வயதாலும் மகப்பேற்றாலும் பாதத்தின் அளவும் மாறியிருக்கலாம். ஆகவே மென்மையான துணி அல்லது தோல் காலணியில் பல மாதம் பயின்று, ஆசிரியர் கணுக்காலைப் பார்த்து இசைந்த பின், புதிதாக அளவெடுத்து வாங்குவதே சரி. இதற்கிடையில் வரும் வலிகளைப் பிரித்தறியவும் கற்க வேண்டும். பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை முழுவதும் பரவி, பின் தானே தணியும் வலி இயல்பானது. குதிகாலின் பின்புறம் காலையில் விறைத்திருப்பதும், முன்கால் எலும்பிலோ பாதத்தின் நடுவிலோ ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் மட்டும் வலி நிலைப்பதும் வேறு வகையைச் சேர்ந்தவை. முந்தியது தசைநாண் சுமை மிகுந்ததைக் காட்டும், பிந்தியது எலும்பில் நுண்ணிய முறிவு தொடங்கியிருப்பதன் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால், அன்றைக்கே குதிகளை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.