மூளையில் மந்தாரம்

பள்ளித் திடலில் சபைகூடல் முடிந்து மாணவி ஒருத்தி வகுப்புக்குள் வருகிறாள். ஆசிரியர் கேட்ட கேள்விக்கு விடை அவளுக்குத் தெரியும். முதல் நாள் இரவு படித்ததுதான். ஆனால் சொல் நாவிற்கு வரவில்லை. ஒரே வரியை மூன்று முறை படித்தும் மனத்தில் பதியவில்லை. 'சோம்பேறி' என்று சொல்லிவிடுகிறோம். அவள் நாடியைப் பிடித்துப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. உடனே நரம்புகள் இரத்தக் குழாய்களை இறுக்கி அதை மேலே அனுப்ப வேண்டும். சிலருக்கு இந்த ஏற்பாடு சரிவர நடப்பதில்லை. அதை ஈடுகட்ட இதயம் விரைகிறது. படுத்திருந்தபோது 70 ஆக இருந்த துடிப்பு, நின்ற 10 நிமிடத்திற்குள் 110, 120 ஆகிவிடும். பெரியவர்களுக்கு 30 துடிப்பும், 12 முதல் 19 வயதினருக்கு 40 துடிப்பும் கூடி, இரத்த அழுத்தம் அவ்வளவாக இறங்காமல், தொல்லைகள் மாதக்கணக்கில் நீடித்தால் அதைப் 'போட்ஸ்' என்கிறார்கள். 1993இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை மருத்துவர்கள் விவரித்த கோளாறு இது. பெரும்பாலும் இளம் பெண்களையே பற்றுகிறது.

கையில் பட்டை கட்டி அளந்தால் அழுத்தம் சரியாகவே இருக்கும். 'உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை' என்று அனுப்பிவிடுவதும் உண்டு. ஆனால் நிற்கும்போது பலருக்கு மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. மூச்சு வேகமாகிக் கரியமிலவாயு வெளியேறினால் மூளையின் இரத்தக் குழாய்கள் மேலும் சுருங்கும். வானம் மப்பும் மந்தாரமுமாய் இருப்பதுபோல் சிந்தனை மங்குகிறது. 2013இல் வெளிவந்த ஆய்வொன்றில் இந்நோயுள்ள இளையோர் 138 பேரைக் கேட்டபோது, 132 பேர் இந்த மந்தாரத்தைச் சொன்னார்கள். படுத்திருக்கும்போதும் சிலருக்கு அது விலகுவதில்லை. தூக்கக் குறைவும் களைப்பும் அதைக் கூட்டுகின்றன. இரத்த ஓட்டம் மட்டுமே காரணமென்று சொல்லிவிட முடியாது.

நாளொன்றுக்கு 2 முதல் 3 லிட்டர் நீர், இடுப்புவரை இறுக்கும் காலுறை, உட்கார்ந்தோ படுத்தோ செய்யும் உடற்பயிற்சி ஆகியவை உதவும். உப்பை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக்கூடாது. இரத்தக் கொதிப்புள்ளவருக்கு அது ஆபத்து. பள்ளியில் ஒரு நாற்காலியும் தண்ணீர்ப் புட்டியும் கொடுத்தாலே பாதித் தொல்லை குறையும்.

வீட்டில் ஐயம் எழுந்தால், 10 நிமிடம் படுக்கவைத்து நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பிறகு துணைக்கு ஒருவர் அருகிலிருக்க, 10 நிமிடம் நிற்கவைத்து இடையிடையே எண்ணுங்கள். தலை சுற்றினால் உடனே உட்காரவைத்துவிடுங்கள். எண்ணியதைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். இரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும் இதே வேடம் போடும். அவற்றை அவர் சோதித்துச் சொல்வார்.