பார்வை இழந்தவர் கண்ட எண்

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்துக்கு ஒரு நெல், இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று இரட்டித்துத் தரும்படி அரசனைக் கேட்டவனின் கதை நேயர்கள் அறிந்ததே. 64 கட்டமும் போக வேண்டாம். 31-வது கட்டத்தோடு நிறுத்துவோம். அதுவரை வைத்த நெல்மணிகளின் மொத்தத் தொகை 214,74,83,647. இந்த எண்ணுக்கு ஒரு சரித்திரமே உண்டு!

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். இப்படி நெல்லைக் கூட்டிக்கொண்டே போனால் 3, 7, 31, 127 என்று பகா எண்கள் சில கிடைக்கும். ஆனால் 11-வது கட்டத்தில் வரும் 2047 ஏமாற்றிவிடும். அது 23-ஐ 89-ஆல் பெருக்கி வந்தது. 1644-ல் மெர்ஸென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இவ்வகைப் பகா எண்களுக்கு ஒரு ஜாபிதா வெளியிட்டார். நமது எண்ணும் அதில் இருந்தது; நிரூபணந்தான் இல்லை.

நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர். 1772-ல், ரஷ்யாவில் வாழ்ந்த அவருக்கு அப்போது கண் பார்வை அநேகமாக அற்றுப்போயிருந்தது. சாதாரண வழியில் சென்றால், 46,340 வரையுள்ள 4,700-க்கும் மேற்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆய்லர் ஒரு சூட்சுமம் கண்டார். நமது எண்ணை வகுக்கக் கூடிய எதுவும், 248-ஆல் வகுத்தால் 1 அல்லது 63 மீதி வருவதாகவே இருக்க வேண்டும். அந்தச் சல்லடையில் மிஞ்சியவை நூற்றுக்கும் குறைவு. அவற்றில் ஒன்றுகூட வகுக்கவில்லை!

இதனால் வேறொரு லாபமும் கிட்டியது. 28-ஐ வகுக்கும் 1, 2, 4, 7, 14 ஆகியவற்றைக் கூட்டினால் 28-ஏ வரும். இத்தகையது பூரண எண். நமது எண்ணை 31-வது கட்டத்தில் மட்டும் உள்ள நெல்லின் தொகையால் பெருக்கினால், 19 இலக்கமுள்ள பூரண எண் பிறக்கிறது. 1811-ல் ஆங்கிலேயக் கணித ஆசிரியர் பீட்டர் பார்லோ, இதனினும் பெரிய பூரண எண்ணை எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, இவை வேடிக்கைக்கே அன்றி உபயோகத்துக்கு அல்ல என்று எழுதிவிட்டார்.

அந்த ஜோசியம் பலிக்கவில்லை. 2024-ல் கண்டுபிடித்த மெர்ஸென் பகா எண்ணுக்கு மட்டும் 4 கோடியே 10 லட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள்! அதிலிருந்து வரும் பூரண எண் இன்னும் பெரியது.

'வேடிக்கை' எண்ணும் சும்மா இருக்கவில்லை. பல கம்ப்யூட்டர்களில் ஓர் எண்ணை எழுத 32 இடங்கள். கூட்டல், கழித்தல் குறிக்கு ஒன்று போனால் மீதி 31. அவை நிரம்பினால் வருவது நமது எண்ணேதான். 2014-ல் யூட்யூபில் 'கங்னம் ஸ்டைல்' என்ற கொரியப் பாட்டைப் பார்த்தவர் கணக்கு இந்த எல்லையைத் தாண்டியது. எண்ணும் முறையையே விரிவாக்கினார்கள்.

பாட்டுக்கு நேர்ந்தது வேடிக்கை. கடிகாரத்துக்கு நேர்ந்தால்? பல கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து வினாடிகளை எண்ணியே தேதி சொல்கின்றன. 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நாட்டு நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு அந்தக் கணக்கு 214,74,83,647-ஐத் தொடும். அடுத்த வினாடியில், திருத்தப்படாத யந்திரம் 1901 டிசம்பருக்குத் தாவிவிடும்! 64 இடங்களுக்கு மாற்றிவிட்டால் அபாயம் இல்லை. புதிய யந்திரங்கள் பல மாறியும்விட்டன. தொழிற்சாலைக் கருவிகளுக்குள் மறைந்து கிடக்கும் பழைய கடிகாரங்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

உபயோகமற்றது என்று ஒதுக்கிய எண், இன்று நமக்குக் கெடு வைத்திருக்கிறது. எந்த எண்ணையும் அற்பம் என்று எண்ணலாமா?