சானட்டுக்குள்ள ஓடுற தாளம்

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்டுகள்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துச்சு: "ஷேக்ஸ்பியர் சானட் அர்த்தம் புரியுது. ஆனா ரிதம், ரிதம்னு சொல்றாங்களே, அது எங்க இருக்கு? சத்தமா படிச்சா உரைநடை மாதிரிதான கேக்குது?"

நியாயமான கேள்வி. நம்ம காது வேற கணக்குல பழகினது. தமிழ் யாப்பு குறில், நெடில், ஒற்று பார்த்து நேர், நிரைன்னு பிரிக்கும். இங்கிலீஷ் சானட் எண்ணுறது அழுத்தத்தை. 'ரெக்கார்ட்'ங்கிற சொல்லையே எடுத்துக்கோங்க. பெயர்ச்சொல்லா வந்தா முதல் சிலபிள்ல அழுத்தம். வினைச்சொல்லா வந்தா ரெண்டாவதுல. நம்மள்ல பலர் ரெண்டையும் ஒரே மாதிரிதான் சொல்றோம். அங்கயே பாதி ரிதம் போயிடுது.

நானே கட்டின ஒரு வரி: 'ஐ வான்ட் டு டிரிங்க் அ கப் ஆஃப் காஃபி நவ்.' மொத்தம் 10 சிலபிள். வான்ட், டிரிங்க், கப், காஃ, நவ், இந்த 5 இடத்துல மட்டும் அழுத்துங்க. லேசு-பலம், லேசு-பலம்னு 5 ஜோடி வரும். ஒரு ஜோடிக்குப் பேரு ஐயாம்ப். 5 சேர்ந்தா ஐயாம்பிக் பென்டாமீட்டர். அவ்வளவுதான், பேரு மட்டும்தான் பயமுறுத்தும்.

இதையே 14 வரிக்கும் மாறாம அடிச்சா தூக்கம் வந்துடும். ஆதி தாளத்தை நினைச்சுப் பாருங்க. கையில 8 எண்ணிக்கை மாறாம ஓடும். பாடுறவர் கொஞ்சம் தள்ளி எடுப்பார். தாளம் மனசுல ஓடினாத்தான் அந்தத் தள்ளல் ருசிக்கும். மீட்டர் கைத்தாளம், ரிதம் வாயில நிஜமா வர்றது. 'காஃபி இஸ் ஆல் ஐ எவர் வான்ட் அட் நைட்'னு சொன்னா, முதல் ஜோடி மட்டும் பலம்-லேசுன்னு தலைகீழாகுது. எடுத்த எடுப்புலயே காஃபி வந்து காதுல மோதும். ஷேக்ஸ்பியர் வரி ஆரம்பத்துல இதை அடிக்கடி செய்வார்.

1609-ல வந்த தொகுப்புல 154 சானட். அதுல 145-வது வரிக்கு 8 சிலபிள்லயே முடிஞ்சிடும். எனக்குப் பிடிச்சது 20-வது. பெண் முகம் கொண்ட ஒரு இளைஞனைப் பத்தின கவிதை. 14 வரியும் 11 சிலபிள், எல்லாமே லேசான சிலபிள்ல முடியும். அந்த மாதிரி முடிவுக்கு இங்கிலீஷ் யாப்புல 'பெண் முடிவு'ன்னே பேரு! தற்செயல்னு நான் நம்பல.

அதை எடுத்து, மேசையில விரலால தட்டிக்கிட்டே வாய்விட்டுப் படிங்க. ஒவ்வொரு வரியிலயும் அஞ்சாவது தட்டுக்கு அப்புறம் ஒரு சிலபிள் மிச்சம் நிக்கும்.