பால்மாட்டுக் குடும்பத்தின் வரவு செலவும் கடன் தீர்க்கும் வழியும்

கறவை மாடு வைத்துப் பால் விற்று ஜீவிக்கும் குடும்பங்கள் நம் கிராமங்களில் அநேகம். நெல் பயிரிடுவோன் அறுவடை வரையில் பணத்திற்குக் காத்திருக்க வேண்டும். பால்மாடு வைத்திருப்பவனுக்கோ பத்து நாளைக்கொரு முறையோ பதினைந்து நாளைக்கொரு முறையோ பால் சங்கத்திலிருந்து பணம் வந்துகொண்டே இருக்கிறது. அப்படியிருந்தும் இக்குடும்பங்களிற் பல கடனில் மூழ்கியிருக்கக் காண்கிறோம். இதற்குக் காரணம் வருமானக் குறைவு மாத்திரமன்று. மாட்டின் பணமும் வீட்டின் பணமும் ஒரே பெட்டியிற் கலந்து கிடப்பது ஒரு காரணம். எந்தக் கடன் மாதந்தோறும் எவ்வளவு தின்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பாராமை மற்றொரு காரணம். இவ்விரண்டையும் திருத்திக்கொள்ளும் முறையை ஓர் உதாரணத்தின் மூலம் இங்கு விளக்குவோம்.

ஒரு குடும்பத்தின் நிலை

இரண்டு ஏக்கர் நிலமும் மூன்று கலப்பினப் பசுக்களும் உடைய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கீழே காட்டும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக உத்தேசமாக எடுத்துக்கொண்டவை. அவரவர் தம் ஊர் விலைக்குத் தக்கவாறு மாற்றிக்கொள்ளலாம். மூன்று பசுக்களில் இரண்டேனும் எக்காலமும் கறவையில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், பால் பணம் மாதம் ரூ. 24,000. தீவனம், மருந்து, சினை ஊசி முதலியவற்றிற்குச் செலவு ரூ. 14,400. மீதி ரூ. 9,600. நிலத்தின் விளைவும் கூலி வருமானமும் வீட்டுச் செலவில் ஒரு பகுதிக்கு உதவுகின்றன.

இக்குடும்பத்தின் கடன்கள் நான்கு. தண்டற்காரரிடம் ரூ. 10,000. ஊரில் ஒருவரிடம் புரோநோட்டின்பேரில் மூன்று வட்டிக்கு ரூ. 60,000. தீவனக் கடையில் நிலுவை ரூ. 15,000. வங்கியில் நகை ஈட்டின்பேரில் நூற்றுக்கு ஆண்டொன்றுக்கு 9 வட்டிக்கு ரூ. 80,000. ஆக மொத்தம் ரூ. 1,65,000. ஈட்டில் இருப்பது வீட்டு அம்மாளின் தாலிச் சங்கிலியும் மகளுக்கென்று சேர்த்து வைத்த வளையல்களும் ஆகும். அவற்றை மீட்பதா, ஏலத்திற் போகவிடுவதா என்பதே இக்குடும்பத்தின் முன் நிற்கும் கேள்வி.

கடன் உண்டாகும் விதம்

பசு ஈன்றபின் ஏறத்தாழ பத்து மாதம் கறக்கும். அடுத்த ஈற்றிற்கு முன் இரண்டு மாதம் பால் வற்ற விடவேண்டும். வற்றிய மாடு பால் தராது. ஆனால் தீவனம் தின்னும். கறக்கும் பத்து மாதத்திலும் வந்த பணத்தை வந்தபடியே செலவிட்டுவிட்டால், வற்றிய காலத்தில் தீவனக் கடையிற் பற்று ஏறுகிறது. அந்தப் பற்றை அடைக்கத் தண்டல் வாங்குகிறார்கள். தண்டலை அடைக்கப் புரோநோட்டு எழுதிக்கொடுக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. ஆண்டுக்கொரு கன்று கிடைக்க வேண்டுமானால், ஈன்ற மூன்று மாதத்திற்குள் பசு மீண்டும் சினைப்பட வேண்டும். சினைப்பருவம் 21 நாட்களுக்கு ஒரு முறையே வருகிறது. ஒரு பருவத்தைக் கவனியாது விட்டால் அடுத்த ஈற்று 21 நாள் தள்ளிப்போகும். அத்தனை நாள் வீண் தீவனச் செலவு ஏற்படும். நாளொன்றுக்கு ரூ. 100 என்று வைத்தாலும் அது ரூ. 2,100 நஷ்டம். ஆகவே காலையும் மாலையும் மாட்டைக் கவனித்துப் பார்ப்பதும் கடன் தீர்க்கும் வேலையில் ஒரு பகுதியே.

இரண்டு பெட்டி, ஒரு நோட்டு

முதலிற் செய்ய வேண்டுவது மாட்டின் பணத்தை வீட்டின் பணத்தினின்றும் பிரிப்பது. பால் பணம் வங்கியில் வருமாயின் அக்கணக்கைத் தொழிலுக்கென்றே ஒதுக்கி, வீட்டிற்கு வேறு கணக்கு வைத்துக்கொள்ளலாம். கையிற் பணம் வாங்குவோர் இரண்டு பெட்டி வைத்தால் போதும். பால் பணம் முழுவதும் முதலில் மாட்டுப் பெட்டியிற் சேர வேண்டும். அதிலிருந்து தீவனக் கடைக்கும், கடனுக்கும், மாட்டு நிதிக்கும் கொடுத்தபின், வீட்டிற்குச் சம்பளம்போல் ஒரு தொகை மாதந்தோறும் குறித்த தேதியில் எடுக்க வேண்டும்.

நம் உதாரணக் குடும்பத்தில் மீதியான ரூ. 9,600 இவ்வாறு பங்கிடப்படுகிறது: கடன்களுக்கு ரூ. 5,400, மாட்டு நிதிக்கு ரூ. 1,500, வீட்டிற்கு ரூ. 2,700. மாட்டு நிதி என்பது வற்றிய காலத்துத் தீவனத்திற்கும், நோய்க்கும், இன்ஷூரன்ஸ் கட்டணத்திற்கும், கிழடான பசுவிற்குப் பதில் வேறொன்று வாங்குவதற்கும் உரியது. கடன் இருக்கும்போது நிதி சேர்ப்பது வீண் என்று சிலர் எண்ணுவர். அஃது தவறு. நிதி இல்லாதவன் ஒரு மாடு நோயுற்றவுடனே மறுபடியும் தண்டற்காரரைத் தேடிப் போவான்; அதுகாறும் அடைத்ததெல்லாம் வீணாகும். மூன்று பசுவும் ஒருங்கே கறக்கும் மாதங்களில் அதிகமாக வரும் பணத்தையும் இந்நிதியிலேயே சேர்க்க வேண்டும்.

வரவு, தீவனம், வைத்தியம், கடன் என்று நான்கு பத்தி கிழித்த ஒரு நோட்டில் அன்றன்று எழுதிவரவேண்டும். பெரியவர்களுக்கு எழுதத் தெரியாவிடின் பள்ளியிற் படிக்கும் பிள்ளையைக்கொண்டு எழுதுவிக்கலாம்.

எந்தக் கடன் எவ்வளவு தின்கிறது

தொகை பெரிதாயிருக்கும் கடனே கொடிய கடன் என்று நினைப்பது வழக்கம். உண்மை வேறு. தண்டற்காரர் ரூ. 10,000 என்று எழுதி, கையில் ரூ. 9,000 மாத்திரமே கொடுத்து, நாளொன்றுக்கு ரூ. 100 வீதம் 100 நாள் வாங்குகிறார். வட்டி ஆயிரந்தானே என்று தோன்றும். முதல் நாளில் நம்மிடமுள்ள அவர் பணம் ரூ. 9,000; கடைசி நாளில் ஒன்றுமில்லை. ஆதலால் சராசரியாக நம்மிடம் இருந்தது ரூ. 4,500 அளவே. அதற்கு நூறு நாளில் ரூ. 1,000 வட்டி. ஆண்டுக் கணக்கிற் பார்த்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 80 ஆகிறது.

மூன்று வட்டி என்பது மாதத்திற்கு நூற்றுக்கு மூன்று, ஆண்டிற்கு 36. ரூ. 60,000-க்கு மாத வட்டி ரூ. 1,800. தீவனக் கடைக்காரர் வட்டி கேட்பதில்லை. ஆனால் ரொக்கத்திற்கு விற்பதைவிட மூட்டைக்கு ரூ. 40 கூட்டிப் போடுகிறார். மாதம் 8 மூட்டைக்கு ரூ. 320. ரூ. 15,000 நிலுவைக்கு இஃது ஆண்டிற்கு நூற்றுக்கு 25-க்கு மேற்பட்ட வட்டியாகும். நகைக் கடனோ தொகையில் எல்லாவற்றிலும் பெரிது. வட்டியில் எல்லாவற்றிலும் சிறிது: மாதம் ரூ. 600.

தீர்க்கும் முறை

எல்லாக் கடனுக்கும் கொஞ்சங் கொஞ்சம் கொடுத்து எல்லோரையும் சமாதானம் செய்வது பயன் தராது. மற்றவற்றிற்கு வட்டியை மட்டும் தவறாது கட்டிவந்து, வட்டி மிகுந்ததை முதலில் வேரறுக்க வேண்டும். ஒரு கடன் தீர்ந்ததும் அதற்குக் கட்டிவந்த பணத்தை வீட்டிற்கு எடுத்துக்கொள்ளாமல் அடுத்த கடனுக்குத் திருப்ப வேண்டும். இம்முறையின் உயிர் இதுவே.

முதல் நான்கு மாதத்திற்குள் தண்டல் முடிகிறது. அதைப் புதுப்பித்தலே கூடாது. தண்டலுக்குப் போய்க்கொண்டிருந்த மாதம் ரூ. 3,000-த்தை, வட்டி ரூ. 1,800-உடன் சேர்த்து, மாதம் ரூ. 4,800 ஆகப் புரோநோட்டுக் கடனுக்குச் செலுத்தினால் 16 மாதத்தில் அது தீரும். அவ்வாறின்றி வட்டியை மட்டும் செலுத்தி வந்திருந்தால், அந்த 16 மாதத்தில் ரூ. 28,800 கொடுத்தும் அசல் ரூ. 60,000 அப்படியே நிற்கும். அடுத்து, தீவனக் கடை நிலுவை 4 மாதத்தில் அடைபடும், மூட்டைக்கு ரூ. 40 மிச்சமாகும். கடைசியாக, எல்லாத் தொகையும் சேர்ந்து மாதம் ரூ. 5,720 நகைக் கடனுக்குச் சென்றால் 15 மாதத்தில் நகை வீடு வந்து சேரும். மொத்தம் 39 மாதம். அஃதாவது மூன்றே கால் ஆண்டு. வருமானம் ஒரு ரூபாயும் உயராமலே இது கைகூடுகிறது.

நகைக் கடன் கடைசியில் தீர்வதாயினும் அதன் வட்டியையும் தவணையையும் ஒருபோதும் தவற விடலாகாது. தவணை கடந்தால் நகை ஏலத்திற்குப் போகும். புரோநோட்டுக் கடனில் அசலிற் பகுதி கட்டும்போதெல்லாம் நோட்டின் பின்புறத்தில் வரவு எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும். சில்லறையாய் அசல் வாங்க மறுப்பவராயின் வங்கியிற் சேர்த்து வைத்து, பத்தாயிரம் சேர்ந்ததும் கொடுக்கலாம். கடன் தீர்ந்த அன்றே நோட்டைத் திரும்பப் பெற வேண்டும். தொகை எழுதாத காகிதத்திலோ காசோலையிலோ கையொப்பமிட்டுக் கொடுப்பது பேராபத்து.

மாட்டை விற்றுக் கடனை அடைக்கலாமா

கடன்காரர் வாசலில் வந்து நின்றால் மாட்டை அவிழ்த்து விற்றுவிடலாம் என்று தோன்றும். அவிழ்க்குமுன் கணக்குப் பார்க்க வேண்டும். நம் உதாரணத்தில் பசுவொன்று செலவு போக மாதம் ரூ. 3,200 தருகிறது. அதை ரூ. 45,000-க்கு விற்று மூன்று வட்டிக் கடனில் கட்டினால் மிச்சமாகும் வட்டி மாதம் ரூ. 1,350. ரூ. 1,350-ஐ மிச்சம் பிடிக்க ரூ. 3,200-ஐ இழப்பது எவ்வகையில் லாபம்? ஆனால் தின்னும் தீவனத்திற்குக்கூடப் பால் தராத மாடும், பலமுறை சினை ஊசி போட்டும் வைத்தியம் பார்த்தும் சினைப்படாத மாடும் தொழுவத்தில் நிற்குமாயின் அவற்றைத் தயங்காது விற்றுக் கடனிற் கட்டலாம். எந்த மாடு எவ்வகை என்பதை நோட்டு சொல்லும். நோட்டில்லாதவன் பெரும்பாலும் நல்ல மாட்டையே விற்கிறான், அதற்கே விலை கிடைப்பதால்.

சட்டமும் சங்கமும்

இக்கவலை புதிதன்று. சென்னை மாகாணத்தில் குடியானவர் கடனை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன் 1895, 1897ஆம் ஆண்டுகளில் அளித்த அறிக்கைகளில், ஜெர்மனி தேசத்து முறையைத் தழுவிக் கிராம நாணய சங்கங்கள் வேண்டுமென்று வற்புறுத்தினார். 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் பின்னர்த் திருவள்ளூருக்கு அடுத்த திரூரில் அத்தகைய சங்கம் தோன்றியது. 1938ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் முதல் தேதிக்கு முற்பட்ட கடன்களில் 1937 அக்டோபர் முதல் தேதி வரை நின்ற வட்டி பாக்கியைத் தள்ளுபடி செய்தது. 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைத் தடை செய்து, மீறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளித்தது. ஆகவே இத்தகைய கடனுக்காகத் துன்புறுத்தப்படுவோர் அஞ்சி ஒளிய வேண்டுவதில்லை. போலீஸ் நிலையத்திலோ கலெக்டரிடமோ மனுச் செய்துகொள்ளலாம்.

உழவர் கடன் அட்டை 2018-19ஆம் ஆண்டில் கறவை மாடு வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. ஊர்க் கூட்டுறவுச் சங்கத்திலும் வங்கியிலும் விசாரித்து, தீவனம் முதலிய நடைமுறைச் செலவுகளை அக்கடனைக்கொண்டு நடத்தினால், அதற்குப் போகும் பால் பணத்தை மூன்று வட்டிக் கடனுக்குத் திருப்பலாம். மேற்சொன்ன ரூ. 60,000 முழுவதற்கும் ஆண்டிற்கு நூற்றுக்கு 7 வட்டியே ஆனால், அதே ரூ. 4,800 கட்டிவர 13 மாதத்தில் தீர்ந்துவிடும். மூன்று மாதப் பணம் கையில் மிஞ்சும். ஆனால் சட்டமும் சங்கமும் பழைய கடனை இலேசாக்குமேயன்றிப் புதுக் கடனைத் தடுக்கமாட்டா. சங்கக் கடன் வாங்கித் தண்டலை அடைத்துவிட்டு, மறுமாதமே தண்டலும் வாங்குவோன் இரட்டைச் சுமை சுமப்பான்.

வீட்டில் ஒளிவு கூடாது

கணவன் வாங்கிய கைக்கடன் மனைவிக்குத் தெரியாமலும், மனைவி மகளிர் குழுவில் வாங்கிய கடன் கணவனுக்குத் தெரியாமலும் இருக்கும் வீடுகள் உண்டு. அவமானத்திற்கு அஞ்சி மறைக்கிறார்கள். மறைத்த கடனுக்குத்தான் கொடிய வட்டி ஏறுகிறது. ஏனெனில் அதை அடைக்க இன்னொரு மறைவான கடன் வேண்டியிருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் மாலை, பால் கறந்து ஊற்றிய பிறகு, கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் அமர்ந்து எல்லாக் கடனையும் நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். முதல் நாள் கசப்பாகவே இருக்கும். ஒருவர்மேல் ஒருவர் குற்றஞ்சாட்டாமல் அந்த நாளைக் கடந்துவிட்டால் அடுத்த மாதந்தொட்டுத் தொகை குறைவதைக் காண்பார்கள். பெரும்பாலும் மாட்டைப் பேணுவது வீட்டு அம்மாளே ஆதலால் மாட்டுப் பெட்டியின் சாவி அவர் கையில் இருப்பதே பொருத்தம்.

விசேஷங்களும் திருவிழாவும் வரத்தான் செய்யும். அவற்றிற்கு முன்கூட்டியே வீட்டுப் பெட்டியிலிருந்து சிறுகச் சேர்க்க வேண்டுமேயன்றி மாட்டுப் பெட்டியைத் திறக்கலாகாது.

மூன்றே கால் ஆண்டு சென்றபின் அக்குடும்பத்தில் மாதம் ரூ. 5,720 கடன்காரருக்குப் போகாமல் வீட்டிலேயே நிற்கும். அன்றும் நோட்டை மூடிவிடாமல் எழுதிவர வேண்டும். குடியானவர்கள் அடுத்த பால் பணம் வரும் நாளிலேயே இதைத் தொடங்குவார்களாக. அதற்கு வேண்டியது ஒரு நோட்டும், இரண்டு பெட்டியும், வீட்டாருக்குள் ஒளிவு மறைவில்லாத பேச்சுமே.