கூடலூர் சொல்லும் பாடம்: ஆஸ்பத்திரிக்கும் பழங்குடி ஊருக்கும் நடுவில் ஒரு அக்கா

ஒரு காட்சியை நினைச்சுப் பாருங்க. குழந்தைக்குக் கை கால் எல்லாம் வலி, இரவு முழுக்க அழுகை. விடிஞ்சதும் அம்மா தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் நடந்து, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார். டாக்டர் தமிழில் கேட்கிறார்: "எத்தனை நாளா வலி? முன்னாடியும் இப்படி வந்திருக்கா?" அம்மாவுக்குச் சரளமாக வருவது பணியர் மொழி. பயமும் கூச்சமும் சேர, பதில் தொண்டையிலேயே நிற்கிறது. மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். அடுத்த முறை வலி வந்தால் அவர் ஆஸ்பத்திரிக்கு வருவாரா?

மருந்தும் டாக்டரும் இருந்தும் சிகிச்சை போய்ச் சேராமல் போவது இந்த இடத்தில்தான். இந்த இடைவெளியை நிரப்ப நம்ம நீலகிரி மாவட்டத்திலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கு. வாங்க, பார்ப்போம்.

கூடலூரில் என்ன செய்தார்கள்?

கூடலூர், பந்தலூர் பகுதிகளில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் எனப் பல பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். பணியர் மொழி மலையாளத்துக்கு நெருக்கமானது. காட்டுநாயக்கர் பேச்சில் கன்னடச் சாயல் இருக்கும். ஒரே மொழியில் எல்லோரிடமும் பேசிவிடலாம் என்பது இங்கே நடக்காது.

1980-களின் பிற்பகுதியில் இங்கே வேலையைத் தொடங்கிய டாக்டர்கள் முதலில் பயிற்சி கொடுத்தது ஊர்ப் பெண்களுக்குத்தான். குழந்தையின் எடை பார்ப்பது, கர்ப்பிணிகளைக் கவனிப்பது, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுப்பது என்று பழங்குடிப் பெண்களே சுகாதாரப் பணியாளர்களாக உருவானார்கள். பிறகு 1990-ல் 'அஸ்வினி' அமைப்பின் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை தொடங்கியது. அங்கே செவிலியர்களாகவும் பழங்குடிப் பெண்கள் பயிற்சி பெற்றார்கள். 1992-ல் ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தோடு சேர்ந்து மருத்துவக் காப்பீடும் வந்தது.

வார்டுக்குள் நுழைந்ததும் சொந்த மொழியில் "என்னாச்சு?" என்று கேட்க ஒரு அக்கா இருந்தால் பாதி பயம் போயிடும். ஊரில் யார் மாத்திரையை நிறுத்திவிட்டார், யாருக்குப் பிரசவ நாள் நெருங்குது என்பதும் அந்த அக்காவுக்குத்தான் தெரியும்.

நம்பிக்கை இல்லாமல் நடக்காத ஒரு சோதனை

இந்தக் கூட்டணியின் அருமை புரியணும்னா, சிக்கிள் செல் ரத்தசோகையைப் பற்றித் தெரியணும். வட்டமாக இருக்க வேண்டிய ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்து, சின்ன ரத்தக்குழாய்களில் அடைத்துக்கொள்ளும். அதனால் கடுமையான வலி, ரத்தசோகை, மஞ்சள் காமாலை, அடிக்கடி காய்ச்சல். இது பரம்பரையாக வருவது. இந்தியாவில் இந்தக் குறைபாடு முதன்முதலில் 1952-ல் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான்.

அம்மா, அப்பா இருவருமே இந்த மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. மரபணுவை ஒரு பக்கம் மட்டும் பெற்றவர் 'சுமப்பவர்'; அவர் நோயாளி இல்லை, வழக்கம்போல வாழலாம்.

இங்கேதான் சிக்கல். "உன் ரத்தத்தில் குறை இருக்கு" என்று வெளியாள் ஒருவர் சொன்னால், ஊருக்குள் அது கல்யாணத்தைத் தடுக்கும் பேச்சாக மாறிவிடலாம். அப்புறம் யாரும் சோதனைக்குக் கை நீட்ட மாட்டாங்க. அதே விஷயத்தை ஊர்க்காரர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கும்போது சந்தேகங்களைக் கேட்கவும் துணிச்சல் வருது.

அரசு எப்படி கைகோர்த்தது?

உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தில், நீலகிரியில் சிக்கிள் செல் பரிசோதனையும் சிகிச்சையும் தொண்டு நிறுவனங்களோடு இணைந்து நடத்தப்பட்டன. பழங்குடிப் பகுதி அரசு மருத்துவமனைகளில் வழிகாட்ட ஆலோசகர்களும் நியமிக்கப்பட்டார்கள். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவ காத்திருப்பு அறைகள் உள்ளன. தூரத்துக் கர்ப்பிணிகள் பிரசவ நாளுக்கு முன்பே வந்து தங்கலாம்.

2023 ஜூலையில் தேசிய சிக்கிள் செல் ரத்தசோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. 40 வயது வரையுள்ள 7 கோடி பேரைப் பரிசோதிப்பதும், 2047-க்குள் நோயை ஒழிப்பதும் இதன் இலக்கு.

நீங்க என்ன செய்யலாம்?

• பழங்குடிப் பகுதியில் வசிப்பவரா? பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிக்கிள் செல் சோதனை பற்றிக் கேளுங்க. கல்யாணத்துக்கு முன்பும் கர்ப்பத்தின் தொடக்கத்திலும் செய்துகொள்வது நல்லது.
• சோதனைக்குப் பின் தரும் அட்டையைப் பத்திரமா வையுங்க. போட்டோ எடுத்துப் போனிலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீங்க. அது உங்கள் தனிப்பட்ட மருத்துவ விவரம்.
• நோய் உள்ளவர்கள் தண்ணீர் நிறையக் குடிக்கணும், குளிரில் நனையக் கூடாது. டாக்டர் தரும் ஹைட்ராக்ஸியூரியா, போலிக் அமில மாத்திரைகளைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.
• நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், அதிக காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்க. மருத்துவ ஆலோசனைக்கு 104.
• 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சிக்கிள் செல் நோயும் இடம்பெற்றுள்ளது. மருத்துவச் சான்றின் அடிப்படையில் அடையாள அட்டைக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.

பழங்குடிப் பகுதியில் வேலை பார்க்கும் ஆசிரியரா, அங்கன்வாடிப் பணியாளரா, அரசு ஊழியரா நீங்க? ஒரு குழந்தை அடிக்கடி கை கால் வலி என்று பள்ளிக்கு வராமல் இருந்தால், சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீங்க. ஊர் சுகாதாரப் பணியாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்க. அடுத்த முறை அந்த அம்மா குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு வரும்போது, கூடவே அந்த அக்காவும் வருவார். டாக்டர் கேட்கும் கேள்விக்குப் பதிலும் கிடைக்கும்.